சோகம் வேறு, நோய் வேறு: மனநிலைக் கோளாறு, உண்ணுதல் கோளாறு, தற்கொலை எண்ணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவனுக்கு ஒரு அரியர் விழுந்தால் “செம டிப்ரஷன் மாப்ளே” என்கிறான். அதே ஊரில் மூன்று மாதமாகத் தலை வாராமல், வாசல் தெளிக்காமல், பாயைவிட்டு எழாமல் கிடக்கும் பெண்ணுக்குச் சோம்பேறி என்று பெயர். லேசான வருத்தத்துக்கு நோயின் பெயரையும், உண்மையான நோய்க்குக் குணக்கேட்டின் பெயரையும் வைத்துப் பழகிவிட்டோம். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குப் பிடிவாதம். தற்கொலைக்கு முயன்றவருக்குக் கோழைத்தனம். இந்தப் பேச்சினால் வரும் நஷ்டம் பெரிது. சிகிச்சையில் தேறக்கூடியவர்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். சிலர் இறந்தும் போகிறார்கள்.

மனமும் நடத்தையும் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும் அளவுக்குத் தடம் மாறுவதை ஆராயும் துறைக்குப் பிறழ்நிலை உளவியல் என்று பெயர். அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று விஷயங்களை இங்கே பார்க்கிறோம். இதைப் படிக்கும் உங்களுக்கே இப்போது சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மனநிலை ஏறி இறங்குவது இயல்பு

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு மடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் வாய்க்கால் நிறையும், அடைத்தால் வடியும். ஏறுவதும் இறங்குவதும் கோளாறு இல்லை. மடை ஷட்டர் துருவேறி ஒரே நிலையில் இறுகிவிட்டால்தான் கோளாறு. மூடியபடி இறுகினால், ஆற்றில் வெள்ளமே போனாலும் வயல் காயும். திறந்தபடி இறுகினால் நாற்றெல்லாம் அழுகும்.

மனநிலையும் இப்படித்தான். மகள் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் மகிழ்ச்சி, பயிர் போனால் துக்கம். சூழலுக்கு ஏற்ப ஏறி, சூழல் மாறும்போது இறங்கினால் அது நல்ல மனம். சூழல் மாறிய பிறகும் மாறாமல், வாரக்கணக்கில் ஒரே நிலையில் இறுகிக் கிடப்பதை மனநிலைக் கோளாறு என்கிறோம். தாழ்ந்தே இறுகினால் மனச்சோர்வு நோய். ஒரு காலம் தாழ்ந்தும் ஒரு காலம் உச்சத்திலும் இறுகினால் இருதுருவ நோய், பலரும் பைபோலார் என்று கேள்விப்பட்டிருப்பது.

வருத்தத்தையும் நோயையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். எத்தனை நாளாக? வாழ்க்கையின் எத்தனை பக்கங்களில்? செய்துகொண்டிருந்த வேலைகளில் எவையெல்லாம் நின்றுவிட்டன? பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் வீட்டார் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது.

மனச்சோர்வு நோய் எப்படி இருக்கும்

மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது. மனம் தாழ்ந்து கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது என்ற இரண்டும் தலையானவை. பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது மிகுவது, பேச்சும் அசைவும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, ஓயாத அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு, கவனம் சிதறி முடிவெடுக்க முடியாமல் திணறுவது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை மற்ற ஏழு. இவற்றில் குறைந்தது ஐந்து, தலையான இரண்டில் ஒன்றேனும் சேர்ந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி இருந்து, வாழ்க்கையையும் பாதித்தால் அது நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின் அளவுகோல் இது.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தினம் எண்ணூறு பீடி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு இப்போது முந்நூறுதான் ஓடுகிறது. விரலில் குறையில்லை. இலையை நனைத்து வைக்கிறார், வெட்ட எடுக்கும்போது கை நின்றுவிடுகிறது. சொளவை மடியில் வைத்தபடி கால் மணி நேரம் சுவரைப் பார்க்கிறார். வெட்டிய இலை காய்ந்துபோகிறது. எண்ணியதையே திரும்ப எண்ணுகிறார். கடையில் கட்டுகள் கழிந்து வருகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை, காலையில்தான் மனம் மிகவும் பாரமாக இருக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் தேவலை. கேட்டால் “கவலையா இருக்கு” என்று சொல்லமாட்டார். “மேலுக்குச் சரியில்லை, மேலெல்லாம் வலிக்கு, கிறக்கமா வருது” என்பார். வீட்டார் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வருவார்கள்.

இந்தச் சித்திரத்தில் பெரும்பாலான அறிகுறிகள் இருக்கின்றன. கண்ணீர் மட்டும் இல்லை. நம் பக்கத்தில் மனச்சோர்வு முதலில் உடம்பின் மொழியில் வருகிறது. ஆண்களிடம் கோபமாகவும் குடியாகவும் வருகிறது. அதனால் அழவில்லையே, நோயாக இருக்காது என்று தள்ளிவிட வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு: தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் இதே அசதியைத் தரும். ஆகவே முதல் முறை போகும்போதே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இழவு நடந்த வீட்டுத் துக்கம் வேறு. அது அலையாக வரும். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தங்கள் இறந்தவரின் குறும்பைச் சொன்னால், அழுத முகம் ஒரு நிமிடம் சிரிக்கும். அவர் இல்லையே என்ற ஏக்கம் இருக்கும், நான் கேவலமானவள் என்ற எண்ணம் இருக்காது. மனச்சோர்வில் அந்த ஒரு நிமிடச் சிரிப்பும் வராது; பழியெல்லாம் தன்மேலேயே விழும். துக்கம் நோயாக மாறுவதும் உண்டு. மாதங்கள் கடந்தும் எழமுடியாதவரை “இன்னும் அழுதுக்கிட்டே இருக்காளே” என்று ஏசாமல் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

உச்சத்தில் இறுகும் மனம்

இருதுருவ நோயின் உயர்ந்த கட்டத்துக்கு மேனியா என்று பெயர். மனம் வழக்கத்துக்கு மீறிப் பொங்குவது அல்லது எரிச்சலில் கொதிப்பது, கூடவே ஆற்றல் பெருகுவது, குறைந்தது ஒரு வாரம். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் களைப்பே இருக்காது. பேச்சை நிறுத்த முடியாது. ஒரே வாரத்தில் நிலத்தை அடமானம் வைத்து இரண்டு வண்டி வாங்குவார், ஊர்க் கோயில் கொடை விழாச் செலவு மொத்தமும் தன்னுடையது என்று வாக்குக் கொடுப்பார், தனக்குத் தனிச் சக்தி வந்துவிட்டது என்று நம்புவார். இதைவிட லேசாக, நான்கு நாளாவது நீடித்து, வேலையைக் குலைக்காத கட்டம் ஹைப்போமேனியா. அதை வீட்டார் நோயாகவே பார்ப்பதில்லை. பையன் சுறுசுறுப்பாகிவிட்டான் என்று சந்தோஷப்படுவார்கள்.

மேனியாவைச் சாமி வந்ததாக எண்ணிக் குறி கேட்கப் போவதில் நாள் கடந்துவிடுகிறது. வித்தியாசத்தைப் பார்ப்பது கடினமில்லை. கொடையில் சாமியாடுபவர் தீபாராதனை முடிந்து திருநீறு பூசியதும் இறங்கிவிடுகிறார், மறுநாள் கடை திறக்கிறார். மேனியாவில் இருப்பவர் இறங்குவதில்லை, தூங்குவதில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டாம். மருத்துவரிடமும் அதே வாரத்தில் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நோயில் ஒரு பொறி இருக்கிறது. பலர் முதலில் மருத்துவரைப் பார்ப்பது தாழ்ந்த கட்டத்தில். பழைய உச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், வெறும் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதப்படலாம். மனச்சோர்வு மாத்திரை தனியாகப் போனால் சிலரை மேனியாவுக்குள் தள்ளிவிடும். எனவே உடன் போகிறவர், முன்பு எப்போதாவது தூங்காமல் பல நாள் ஆட்டமாக இருந்தாரா என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதுவரை சுருக்கமாக: இறக்கம் மட்டும் நீடித்தால் மனச்சோர்வு நோய். எப்போதாவது ஒரு முறை உண்மையான உச்சம் வந்திருந்தாலும் அது இருதுருவ நோய், மருந்தும் வேறு.

ஏன் வருகிறது, எப்படித் தேறுகிறது

மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்வது வழக்கமாகிவிட்டது. நடப்பது அத்தனை எளிதல்ல. பரம்பரை, சிறுவயதுக் கொடுமைகள், இழப்பு, கடன், குடி, பிரசவம், நீண்டநாள் உடல்நோய் எல்லாம் சேர்ந்து உந்துகின்றன. இருதுருவ நோயில் பரம்பரையின் பங்கு மிக அதிகம், மனச்சோர்வில் அதைவிடக் குறைவு.

வந்த நோய் தன்னைத்தானே எப்படித் தக்கவைத்துக்கொள்கிறது என்பதுதான் புதிதாக அறிய வருபவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய இடம். மனம் தாழ்கிறது, ஆற்றங்கரைக்குப் போவது, பக்கத்து வீட்டில் பேசுவது, கொடைக்குப் போவது ஒவ்வொன்றாக நிற்கின்றன, மகிழ்ச்சி வரும் வழிகள் அடைபடுகின்றன, மனம் இன்னும் தாழ்கிறது. படுத்தே கிடப்பதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் நினைவும் பொறுமையும் கெடுகின்றன. அந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து உடைப்பது ஒரு சிகிச்சை முறை. ‘மனசு சரியானதும் எழுந்திருப்பேன்’ என்று காத்திருக்காமல், நாளுக்கு ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்வது: ஆறு மணிக்கு முகம் கழுவுவது, ஏழு மணிக்குத் தெருமுனை வரை நடப்பது. விருப்பம் பிறகுதான் வரும். எண்ணங்களின் பக்கமிருந்து உடைப்பது 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சை. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்தை உண்மையென்று எடுத்துக்கொள்ளாமல், ஆதாரம் கேட்டுச் சோதிக்கப் பழக்குவது அது.

நடுத்தர, கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரை பயன்படுகிறது. அது கெடும் இடம் பெரும்பாலும் முதல் பத்து நாள். குமட்டல், தலைபாரம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இடைப்பட்ட நாள்களில் “மருந்து ஒத்துக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆரம்ப வாரங்களில் தவிப்போ சாவு எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கவனித்து, கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பும். மனச்சோர்வு மாத்திரை போதைப் பழக்கம் ஆவதில்லை. பழக்கமாகிவிடக்கூடியவை சில தூக்க மாத்திரைகள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதை மட்டும் தொடர்ந்து வாங்குவது ஆபத்து.

இருதுருவ நோய்க்கான லித்தியம் என்ற மருந்தை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்து எழுதினார். இன்றும் அதற்கு மதிப்புண்டு. உடலில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் நஞ்சாகும் என்பதால் குறித்த இடைவெளியில் ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். நெல்லை வெயிலில் இது முக்கியம்: வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போட்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உண்ணுதல் கோளாறு

இதை நகரத்து நோய் என்று நினைப்பதால் நம் பக்கத்தில் கண்ணுக்கே படுவதில்லை. உணவையும் உடம்பின் உருவத்தையும் பற்றிய எண்ணம் மனத்தை முழுக்க ஆக்கிரமித்து, உண்ணும் முறை உடலைக் கெடுக்கும் அளவுக்கு மாறிவிடுவது உண்ணுதல் கோளாறு. முக்கிய வகைகள் மூன்று. அனோரெக்சியா நெர்வோசாவில் உணவைக் குறைத்துக்கொண்டே போவார்கள், எலும்பு தெரிந்தாலும் குண்டாகிவிடுவோம் என்ற பயம் போகாது. புலிமியா நெர்வோசாவில் கட்டுப்பாடு இழந்து ஏராளமாக உண்பதும், பிறகு அதை ஈடுகட்ட உடலை வதைப்பதும் மாறி மாறி வரும். 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் இதைத் தனி நோயாக விவரித்தார். எடை பெரும்பாலும் சாதாரணமாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஈடுகட்டல் இல்லாமல், வெட்கத்தோடு ஒளிந்து அளவு மீறி உண்பது மூன்றாவது வகை.

இந்தியாவில் மருத்துவர்கள் கவனித்த ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சில இளம்பெண்கள் குண்டாகிவிடுவேன் என்று சொல்வதில்லை. “வயிறு கும்முனு இருக்கு, செரிக்கமாட்டேங்கு” என்று மட்டும் சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளுவார்கள். குடல் தட்டி, எண்டோஸ்கோப்பி பார்த்து, ஒன்றும் இல்லை என்று வரும். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். மாதவிலக்கு நின்றுபோவது, எப்போதும் குளிர்கிறது என்பது, முடி கொட்டுவது, பந்தியில் உட்காராமல் பரிமாறும் வேலையை எடுத்துக்கொள்வது, சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது ஆகியவை சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும்.

விரதத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். விரதத்துக்கு முடியும் நாள் உண்டு; முடித்ததும் நிம்மதியாகச் சாப்பிடலாம். இதில் முடிவு நாள் தள்ளிக்கொண்டே போகும், உண்ட ஒவ்வொரு கவளத்துக்கும் குற்ற உணர்வு வரும். சிலர் விரதத்தையே இதை மறைக்கும் சாக்காகவும் வைத்துக்கொள்கிறார்கள்.

‘மனசு வைத்தால் சாப்பிடலாமே’ என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சம்மதத்துடன் 24 வாரம் அரைவயிறாக வைத்திருந்தார். மனநோய் எதுவும் இல்லாத அந்த ஆண்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், எரிச்சலும் சோர்வும் தனிமையும் அடைந்தார்கள். திரும்ப உணவு கொடுத்த பிறகும் பலருக்கு உண்ணும் முறை சீராக மாதங்கள் பிடித்தது. பட்டினியே மனத்தை இப்படி மாற்றுகிறது. எங்கே தொடங்கியிருந்தாலும், பட்டினி கிடக்கும் மூளையால் பட்டினியை விட முடியாமல் போகிறது. அதனால்தான் சிகிச்சையின் முதல் படி அறிவுரையாக இல்லாமல் உணவாக இருக்கிறது.

இங்கே வீட்டார் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பல வாரம் சரியாக உண்ணாமல் வற்றிப்போனவருக்குப் பயந்துபோய் ஒரே நாளில் திணித்துத் திணித்து ஊட்டுவது. அப்போது ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயம் தடுமாறக்கூடும். மறு உணவு அபாயம் என்பது இதுதான். மிக மெலிந்தவருக்கு உணவைப் படிப்படியாகக் கூட்டுவது மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி எடுப்பவருக்கும் பொட்டாசியம் இறங்கும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் மனநல மருத்துவருக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். உயிரிழப்பு மிக அதிகமுள்ள மனநோய்களில் அனோரெக்சியா ஒன்று. அந்த இறப்புகளில் தற்கொலைக்கும் பங்குண்டு.

பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பலன் தருவது குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை. கொஞ்ச காலம் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, அருகில் இருந்து, சண்டையில்லாமல் உண்ண வைப்பது. தேறத் தேறப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது. ஒரு வேண்டுகோளும் உண்டு. கல்யாண வீட்டில் பார்த்த உடனே “என்னட்டி இப்படி ஊதிட்ட”, “எலும்பும் தோலுமா இருக்கியே” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். பாசத்தில்தான் சொல்கிறோம். கேட்கும் பிள்ளைக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று நமக்குத் தெரியாது.

தற்கொலை: ஒற்றைக் காரணம் என்ற பொய்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். மாவட்டச் செய்திப் பக்கத்தில் இந்த மரணங்களுக்குத் “தீராத வயிற்று வலி”, “தேர்வில் தோல்வி”, “கணவனுடன் தகராறு” என்று ஒரு வரிக் காரணம் இருக்கும். அதே வயிற்று வலியோடும் அதே தோல்வியோடும் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். காரணம் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை.

தற்கொலை ஒரு நோயின் பெயர் அல்ல. பல பாதைகள் வந்து சேரும் இடம். மனச்சோர்வு, இருதுருவ நோய், உண்ணுதல் கோளாறு, குடி ஆகியவை அங்கே இட்டுச் செல்லும் பாதைகள். மனநோய் எதுவும் இல்லாமல், வீட்டுச் சண்டையிலோ அவமானத்திலோ சில நிமிட வேகத்தில் முயல்பவர்களும் நம் நாட்டில் நிறைய. முன்பு ஒரு முறை முயன்றவருக்கு ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம். ‘சும்மா பயமுறுத்தினாள்’ என்று தள்ளிவிடுவது அதனால்தான் தவறு.

அந்த நேரத்தில் மனத்துக்குள் நடப்பது என்ன? தாங்க முடியாத வேதனை ஒன்று. ‘நான் பாரம், நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி’ என்ற தவறான கணக்கு இன்னொன்று. இரண்டும் சேரும்போது மனத்தின் பார்வை குறுகி, வேறு வழிகள் இருப்பதே தெரியாமல் போகிறது. சாக விரும்புகிறார்கள் என்பதைவிட, அந்த வேதனை நிற்க வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பதே சரி. பெரும்பாலானோரிடம் வாழும் ஆசையும் கூடவே இருக்கிறது. உச்சக்கட்டம் நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் தணிகிறது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை.

அதனால், அந்தச் சில மணி நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது. நினைத்தவர் வேறு வழி தேடிக்கொள்வார் என்ற வாதம் உண்மைக்கு ஒத்துவரவில்லை. இலங்கையில் 1990-களிலிருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு, நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1986-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பூட்டறையில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, அது பலன் தரக்கூடியது என்று காட்டியது. நெல்லும் வாழையும் போடும் நம் வீடுகளில் செய்யக்கூடியது: அந்த முறை தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது, மிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் பூட்டி வைப்பது, சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பது. வீட்டில் ஒருவர் மனம் நொந்திருக்கும் காலத்தில் மாத்திரைகளும் இன்னொருவர் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும்.

முன்னறிவிப்புகள் பெரும்பாலும் இருக்கும். “நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி” என்ற பேச்சு. சீட்டுப் பாக்கியை அவசரமாக அடைப்பது, நகை அடகு ரசீதை மகளிடம் ஒப்படைத்து எது எங்கே என்று சொல்வது, ஆசையாக வைத்திருந்ததைக் கொடுத்துவிடுவது. நீண்ட தவிப்புக்குப் பிறகு காரணமில்லாமல் வரும் திடீர் அமைதியும் அதில் சேரும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

நேராகக் கேட்பது எப்படி

கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பது பாரத்தைக் குறைக்கிறது. தனியாக, அவசரமில்லாத நேரத்தில் கேளுங்கள்.

“மதினி, ரொம்பக் கஷ்டத்துல இருக்கிய. இப்படி இருக்கையில சில பேருக்குச் செத்துப்போயிரலாமான்னு நெனப்பு வரும். ஒங்களுக்கு அப்படி வருதா?”

பையனிடம் என்றால், “எய்யா, நான் ஏசமாட்டேன். சாகணும்னு தோணுதா? எங்கிட்டச் சொல்லு.”

ஆம் என்றால் பதறாமல் அடுத்ததைக் கேளுங்கள்: எப்போதிலிருந்து, எப்படி என்று யோசித்தாயா, அதற்கானது கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்தாயா. எப்படி, எப்போது என்பவற்றுக்குப் பதில் தெளிவாக வந்தால் ஆபத்து அருகில் இருக்கிறது. அவரைத் தனியே விடக் கூடாது, அந்தப் பொருளை அப்புறப்படுத்த வேண்டும், அன்றைக்கே மருத்துவமனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வண்டிக்கு 108. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். “பிள்ளைகளை நெனச்சுப் பாரு” என்பதும் வேண்டாம். தான் அந்தப் பிள்ளைகளுக்கே பாரம் என்று நம்புகிறவருக்கு அது இன்னொரு அடி.

ஒருவர் ஏதாவது செய்துகொண்டார் என்றால், போலீஸ் கேஸ் பயத்தில் தவறுதலாக நடந்தது என்று சொல்லி நேரம் கடத்தாதீர்கள். என்ன நடந்தது என்று மருத்துவரிடம் உள்ளபடி சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனையில் மருத்துவ-சட்டப் பதிவு போடுவார்கள். அதைக் குற்றவழக்கு என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பிறகு

மிக ஆபத்தான காலம் மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்கள். அப்போதுதான் ஊர் வாயும் வீட்டார் கோபமும் சேர்ந்து அவர்மேல் விழும், எல்லாம் முடிந்தது என்று மருத்துவரிடம் திரும்பப் போகாமல் விட்டுவிடுவார்கள். உலக சுகாதார அமைப்பு சென்னை உட்பட ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் விளக்கமாகப் பேசினார்கள், பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அந்தப் பகுதியினரிடம் தற்கொலை மரணங்கள் கணிசமாகக் குறைந்தன.

அந்த ஒன்பது முறைக்கான அட்டவணையை ஒரு அண்ணனோ சித்தியோ ஆசிரியரோ அப்படியே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். நடந்ததைக் கிளற வேண்டியதில்லை. தூக்கம் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா, அந்த எண்ணம் திரும்ப வந்ததா, அடுத்த ஓ.பி. என்றைக்கு, கூட யார் போகிறார்கள் என்று கேட்டால் போதும். கூட வர ஆளில்லை என்றால் நீங்களே போய் வாருங்கள். இரவில் எண்ணம் வந்தால் அழைக்க டெலி மானஸின் 14416, அரசு மருத்துவ உதவி எண்ணான 104, சினேகாவின் 044-24640050 ஆகிய எண்களை அவர் போனில் அவரையே பதியச் சொல்லி, முதல் அழைப்பை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு முறை போட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.